தீயணைப்பு வீரருக்கு கேன்சர் டெஸ்ட்: அரசு ஏன் செலவு செய்யணும்?

தீ அணைஞ்சதும் ஆபத்து முடிஞ்சதுன்னு நினைக்கிறோம். ஆனால் எரிந்த சோபா, பிளாஸ்டிக், வயர்களின் கரி, வீரர்களின் உடையிலும் தோலிலும் ஒட்டிக்கொண்டு நிலையம் வரை வருகிறது.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2022-ல் தீயணைப்புப் பணியையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ, பிலடெல்பியாவில் சுமார் 30,000 வீரர்களை ஆராய்ந்த அமெரிக்க அரசு ஆய்வில், பொதுமக்களைவிட இவர்களிடம் புற்றுநோய் 9 சதவிகிதமும், அதனால் வரும் மரணம் 14 சதவிகிதமும் அதிகம்.

அங்கே பல மாநிலங்கள் இதைப் பணிசார்ந்த நோயாக ஏற்று இழப்பீடு தருகின்றன. நல்லதுதான். ஆனா அது நோய் வந்த பிறகு கிடைக்கும் பணம். மாசசூசெட்ஸ் ஒரு படி முன்னே போய், அரசு செலவிலேயே பரிசோதனை நடத்துகிறது. மற்ற மாநிலங்களும் இதைச் செய்யணும். ஏன்னா, அமெரிக்க வீரர்களில் பெரும்பாலானோர் தன்னார்வலர்கள். நன்கொடை வாங்கி வண்டி ஓட்டும் சின்ன ஊர் நிலையம், ஸ்கேனுக்கு எங்கே போகும்?

பரிசோதனை எல்லாப் புற்றுநோயையும் தடுத்துவிடாது. சில நேரம் வீண் பயத்தையும் தரும். உடையைக் கழுவுவது, முகக்கவசம் அணிவது எல்லாம் அப்பவும் வேணும். ஆனால் தோல், பெருங்குடல் புற்றுநோய்களைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் பிழைக்கும் வாய்ப்பு கூடும். மணி அடித்ததும் ஓடுகிறவர், கட்டணத்தைப் பார்த்து டெஸ்ட்டைத் தள்ளிப்போடும் நிலை வரக் கூடாது.