இந்த முறை ஊர் பார்க்கத்தான்!

"பிள்ளையப் பார்த்துக்க வரலைம்மா. ஊர் பார்க்க வர்றோம். சம்மதம்னா சொல்லு, அப்பா டிக்கெட் போடுவாரு."

திருச்சி கே.கே.நகரிலிருந்து அமெரிக்காவின் நியூ ஜெர்சிக்குப் போன வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் இது. பேசியது அம்மா, வயது 61. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, மின்வாரியத்தில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், "கொஞ்சம் பக்குவமாச் சொல்லியிருக்கலாம்ல?" என்றாராம். "நாலு வருஷமாப் பக்குவமாத்தான் இருந்தேன்" என்று பதில் வந்திருக்கிறது. (இருவரும் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மகள் படித்தால் கோபித்துக்கொள்வாளாம்!)

நாலு வருஷக் கதை என்னவென்றால், மகளின் பிரசவத்துக்காக ஒரு டிசம்பரில் முதல்முறை போனார்கள். வெளியே முழங்கால் வரை பனி. உள்ளே பத்தியச் சமையல், குழந்தைக்கு எண்ணெய்க் குளியல், வாஷிங் மெஷினில் மூணு வேளையும் துணி. மகளும் மருமகனும் பகல் முழுக்க லேப்டாப்பில். தாளிக்கும்போது எல்லாம் ஸ்மோக் அலாரம் கத்தும். அப்பா நாற்காலி போட்டு ஏறி டவலால் விசிறுவார். திருச்சியிலிருந்து ஆசையாகத் தூக்கிப் போன மிக்ஸி முனகியதே தவிர அரைக்கவில்லை. நம்மூர் கரன்ட் 230 வோல்ட், அங்கே 120. "கரன்ட் ஆபீஸ்ல இருந்தவருக்கு இதுகூடத் தெரியலையா?" என்ற கேள்வி இன்றும் வீட்டில் உயிரோடு இருக்கிறது.

ஆறு மாசம் கழித்து ஊர் திரும்பியபோது அக்கம்பக்கத்தில் கேட்டார்கள், "அமெரிக்கா எப்படி இருக்கு?" அம்மாவால் சொல்ல முடிந்தது, ஜன்னலிலிருந்து தெரிந்த பார்க்கிங் பற்றி மட்டும்.

அதனால்தான் இந்த முறை நிபந்தனை. டிக்கெட் செலவு அவர்களுடையது. பாதி அப்பாவின் ஓய்வுப் பணம், பாதி அம்மாவின் சீட்டுப் பணம். மகள் டிக்கெட் எடுத்தால் மகள் சொல்கிற வேலையைச் செய்ய வேண்டியிருக்கும் என்பது அம்மாவின் கணக்கு.

மே மாதம் கிளம்பினார்கள். பிரயாணிகளுக்கான இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது அப்பாவின் ரத்தக்கொதிப்பு போன்ற பழைய நோய்களுக்குப் பெரும்பாலும் பணம் தரமாட்டார்கள் என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டு, ஆறு மாச மாத்திரையும் டாக்டர் சீட்டும் கைப்பையிலேயே வைத்துக்கொண்டார்கள். கறிவேப்பிலையைப் பிரிய அம்மாவுக்கு மனசே இல்லை. பச்சை இலை, பழம், விதை எதுவும் அங்கே கொண்டுபோகக் கூடாது. பருப்புப் பொடிக்குள் அரைத்துச் சேர்த்ததோடு திருப்திப்பட்டார்.

விமான நிலையத்தில் அதிகாரி கேட்டது இரண்டே கேள்வி. தந்தது ஆறு மாசம். இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். விசாவில் பத்து வருஷம் என்று அச்சாகியிருந்தாலும், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நாள் தங்கலாம் என்பதை முடிவு செய்பவர் விமான நிலைய அதிகாரிதான். அந்தத் தேதி ஐ-94 என்ற ஆன்லைன் பதிவில் இருக்கும். அதைத் தாண்டி ஒரு நாள் தங்கினாலும் கையிலிருக்கும் விசா செல்லாமல் போய்விடும். 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டுக் கிளம்பினால் மூன்று வருஷம் திரும்பவும் நுழைய முடியாது. அப்பா அந்தப் பக்கத்தை பிரின்ட் எடுத்து பிரிட்ஜில் ஒட்டிவிட்டார்.

மகள் இருக்கும் ஊரின் பெயரே எடிசன். முதல் பயணத்தில் அந்தப் பெயர் தபால் முகவரியாக மட்டும் இருந்தது. இந்த முறைதான் தெரிந்தது, தாமஸ் ஆல்வா எடிசன் 1877-ல் போனோகிராஃபையும் 1879-ல் மின்விளக்கையும் உருவாக்கிய மென்லோ பார்க் ஆய்வுக்கூடம் இருந்த இடம், வீட்டிலிருந்து காரில் பத்து நிமிஷம் என்று. 1938-ல் திறக்கப்பட்ட நினைவுக் கோபுரம் அங்கே இருக்கிறது. உச்சியில் ராட்சத பல்பு. கம்பம் ஏறி, ஃபியூஸ் போட்டு, புயல் ராத்திரிகளில் லைன் சரிசெய்த மனுஷர் அந்தக் கோபுரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பேரன் தானும் ஷூவைக் கழற்றினான். மருமகன்தான் சுற்றுமுற்றும் பார்த்து நெளிந்திருக்கிறார்.

ஜூனில் நயாகரா. வண்டியிலேயே ஏழு மணி நேரத்துக்கு மேல். வழியில் சாப்பிடப் புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல். அது இல்லாமல் தமிழ்க் குடும்பம் எந்த நாட்டிலும் நெடுஞ்சாலை ஏறாது. 'மெய்ட் ஆஃப் த மிஸ்ட்' படகில் நீலநிற மழைக்கோட்டு தருகிறார்கள். குதிரை லாட வடிவ அருவியின் அடி வரைக்கும் படகு போகிறது. சாரலில் எதிரே இருப்பவர் முகம் தெரியாது. அம்மா கத்தினார், சிரித்தார், கடைசியில் அழுதுவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அப்பாவுக்கு நயாகராவில் வேறு ஒரு வேலை இருந்தது. அங்கே கோட் ஐலண்டில் நிகோலா டெஸ்லாவுக்கு வெண்கலச் சிலை உண்டு, உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பதுபோல. எடிசன் டி.சி. மின்சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, டெஸ்லாவின் ஏ.சி. முறைதான் ஜெயித்தது. 1896-ல் இந்த அருவியின் மின்சாரம் முப்பது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கும் பஃபலோ நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. "நம்ம மேட்டூர்ல இருந்து லைன் வருதே, அதுக்கு அப்பன் இவருதான்" என்று பேரனை டெஸ்லா மடியில் உட்கார வைத்துப் போட்டோ எடுத்தார். மிக்ஸி கதையை அம்மா அங்கேயும் விடவில்லை.

வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அம்மாவுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை, எங்கேயாவது உள்ளே வைத்து வாங்குவார்கள் என்று பர்ஸைக் கையிலேயே வைத்திருந்தார். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் மெல்லச் சுற்றுகிறது ஹோப் வைரம். 45.52 காரட், நீல நிறம். இன்றைய ஆந்திராவில் உள்ள கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்ததாகக் கருதப்படுகிறது. "ஆந்திரா பக்கத்துல இருக்கு. அதப் பார்க்க இவ்வளவு தூரம் வரணுமா?" என்றவர், மூன்று முறை வரிசையில் போய் நின்றார். சுதந்திர தேவி சிலை பச்சையாக இருப்பது செம்பு நிறம் மாறியதால்தான் என்று மகள் விளக்கியதும், "புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடும்" என்பதோடு முடித்துக்கொண்டார்.

ஆனால் இருவரும் திரும்பத் திரும்பச் சொல்வது இதில் எதையும் இல்லை. ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, யார் துணையும் இல்லாமல் நியூயார்க் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போனதைத்தான். எடிசனில் ரயில் ஏறி பென் ஸ்டேஷன். அங்கிருந்து டைம்ஸ் ஸ்கொயர் போய், ஊதா வட்டத்துக்குள் 7 என்று எழுதிய சப்வே. குயின்ஸ் வந்ததும் ரயில் பூமிக்கு மேலே ஏறிக்கொள்கிறது. கடைசி ஸ்டேஷனில் இறங்கினால் எல்லாப் போர்டும் சீன எழுத்து. அங்கிருந்து நடந்து போனால் கோபுரம். 1977-ல் கும்பாபிஷேகம் நடந்த கோயில் அது. தரைத்தளத்துக்குக் கீழே கேன்டீன், தோசை, காபி. "நாலு வருஷம் முன்னாடி தனியா கீழ் வீட்டு மாடிப்படி இறங்கவே பயந்தேன்" என்கிறார் அம்மா. திரும்பும்போது எடிசனில் நிற்காத ரயிலில் ஏறி, நியூ பிரன்ஸ்விக் போய் இறங்கியதை மகளிடம் ஒரு வாரம் மறைத்தார்கள்.

செப்டம்பரில்தான் பேச்சு வந்தது. மகளுக்கு ஆபீஸில் புது புராஜெக்ட். அம்மாச்சி வந்ததால் கோடையில் டேகேரை நிறுத்தியிருந்தார்கள். திரும்பச் சேர்த்தால் மாசாமாசம் பெரிய தொகை. "கிறிஸ்துமஸ் வரைக்கும் இருங்கம்மா. ஐ-94 முடியறதுக்குள்ள நீட்டிப்புக்கு அப்ளை பண்ணிடலாம். எல்லாரும் பண்றாங்க."

சட்டப்படி அது சரிதான். அப்பா கிட்டத்தட்ட தலையாட்டிவிட்டார். அம்மா, "டிக்கெட் அக்டோபர் 28. மாத்த வேண்டாம்" என்றார். மூன்று நாள் வீட்டில் சரியாகப் பேச்சு இல்லை. நான்காம் நாள் ராத்திரி பாத்திரம் துலக்கும்போது மகள் கேட்டாள்: "உங்களுக்கு இங்க பிடிக்கலையாம்மா?"

"பிடிச்சிருக்கு. அதான் போறேன். இன்னும் மூணு மாசம் இருந்தா பழையபடி ஆயிடும்."

மகள் பதில் சொல்லவில்லை. மறுநாள் டேகேரில் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். பாவம், அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பார்த்துக்கொள்ள அவளுக்கு அங்கே சித்தியும் இல்லை, அத்தையும் இல்லை. இதை அம்மாவும் ஒத்துக்கொள்கிறார். கிளம்பும் முன் இரண்டு வாரம் உட்கார்ந்து பருப்புப் பொடி, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் செய்து பாட்டில் பாட்டிலாக அடுக்கி வைத்தார். 110 வோல்ட் கிரைண்டர் ஒன்றை அப்பா அங்கேயே வாங்கிக் கொடுத்தார்.

இப்போது திருச்சியில் தினமும் சாயங்காலம் வீடியோ கால். அங்கே காலை, பேரன் டேகேருக்குக் கிளம்பும் நேரம். ஷூ போடும்வரை அம்மாச்சி போனில் கதை சொல்ல வேண்டும். நயாகராவில் எதிர்க்கரையில் தெரிந்தது கனடா என்றும், அதற்குத் தனி விசா வேண்டும் என்றும் அம்மாவுக்குத் தெரியும். அங்கிருந்து பார்த்தால் அருவி நேராகத் தெரியுமாம். புதுச் சீட்டு ஒன்று சேர்ந்திருக்கிறார். இன்னும் 14 மாசம் கட்ட வேண்டும்.