கதை இல்லை எண்டு சொல்ற பெடியளுக்கு

'ட்ரங்கன் மாஸ்டர்' பற்றி லிங்கநகர்ப் பக்கம் பெடியள் கதைக்கிறதைக் கேட்டால் மூன்று கருத்துத்தான் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, "கதையே இல்லை மச்சான்." இரண்டு, "இது சண்டைப் படமா, சிரிப்புப் படமா? புரூஸ் லீ மாதிரி வருமா?" மூன்று, "பயிற்சி எடுக்கிற இடமெல்லாம் ஒரே இழுவை, தள்ளிவிட்டுக் கடைசிச் சண்டையை மட்டும் பார்." மூன்றுமே பிழை. அதுவும் சும்மா பிழை இல்லை, நாங்கள் எப்படிப் படம் பார்க்கப் பழகிவிட்டோம் என்பதைக் காட்டிக்கொடுக்கிற பிழை.

முதலில் புரூஸ் லீக்கு வருவோம். அவர் 1973இல் இறந்தார். அதுக்குப் பிறகு ஹொங்கொங் சினிமா செய்தது என்ன? அவரை மாதிரி முறைக்கிற, அவரை மாதிரிக் கத்துகிற ஆட்களைத் தேடித் தேடிப் பிடித்தது. ஜாக்கி சானையும் அந்த அச்சில் ஊற்றிப் பார்த்தார்கள். இயக்குநர் லோ வெய் 1976இல் எடுத்த 'நியூ ஃபிஸ்ட் ஒஃப் ஃபியூரி' அப்படி ஒரு முயற்சிதான். எடுபடவில்லை. பிறகு அவரை சீசனல் என்ற சின்னக் கம்பனிக்கு இரவலாகக் கொடுத்தார்கள். அங்கே 1978 என்ற ஒரே வருசத்தில், யுவென் வூ-பிங்கின் இயக்கத்தில் இரண்டு படம் வந்தது. முதலாவது 'ஸ்னேக் இன் த ஈகிள்ஸ் ஷாடோ', இரண்டாவது 'ட்ரங்கன் மாஸ்டர்'. ஆகவே இந்தப் படத்தில் இருக்கிற சிரிப்பு தற்செயலாக வந்ததில்லை. இன்னொருவரின் நகலாக இருக்கமாட்டேன் என்ற மறுப்பு அது. "புரூஸ் லீ மாதிரி இல்லையே" என்று இந்தப் படத்தைக் குறை சொல்வது, அந்தப் படம் எதுக்காக எடுக்கப்பட்டதோ அதையே குற்றமாகச் சொல்வது.

அடுத்தது, யாரை வைத்துச் சிரிக்கிறார்கள் எண்டு பாருங்கோ. கதாநாயகன் வோங் ஃபேய்-ஹுங் கற்பனைப் பாத்திரம் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் பிறந்து உண்மையாக வாழ்ந்த வைத்தியர், தற்காப்புக்கலை ஆசான். 1949 தொடக்கம் க்வான் தக்-ஹிங் என்ற நடிகர் 70க்கும் மேற்பட்ட படங்களில் அவரை நிதானமான, ஒழுக்கமான பெரியவராக நடித்துச் சனங்களின் மனதில் கோயில் கட்டிவைத்திருந்தார். அந்தப் பெரியவரைத்தான் இந்தப் படம் அடங்காத, அடிவாங்குகிற, சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுக்காமல் ஓடப்பார்க்கிற ஒரு பெடியனாகக் காட்டுகிறது. எங்கட ஊரில் படம் பூட்டிப் பூமாலை போடுகிற ஒருவரை இப்படிக் காட்டியிருந்தால் எத்தனை பேர் கொடி பிடித்திருப்போம்?

இனிக் கதைக்கு வருவோம். பிச்சைக்கார ஆசான் சோ, அவனுக்கு எட்டுக் குடிகாரச் சித்தர்களின் முறைகளைச் சொல்லிக்கொடுக்கிறார். ஏழைப் படிக்கிறான். எட்டாவது, மிஸ் ஹோ என்ற பெண் சித்தரின் முறை. "இது பொம்பிளை ஆட்டம்" எண்டு அதை விட்டுவிடுகிறான். கடைசியில், தன் தகப்பனைக் கொல்லக் கூலிக்கு வந்தவனோடு மோதும்போது ஏழும் போதவில்லை. எதைக் கேவலம் எண்டு ஒதுக்கினானோ அதை அந்த இடத்திலேயே தானாக உருவாக்கி ஆடித்தான் தப்பவேண்டியிருக்கிறது. இதைவிட என்ன கதை வேணும்? அதையும் அவன் நெளிந்து கேலியாகத்தான் ஆடுகிறான், உண்மை. ஆனால் வென்று கொடுப்பது அந்த ஆட்டம்தான். "பொம்பிளை மாதிரி நடக்காதை" என்று ஒருத்தனை ஒருத்தன் நக்கலடித்தே வளர்கிற எங்களுக்குக் கதை கண்ணுக்குத் தெரியாமல் போனது ஆச்சரியமில்லை.

கடைசிச் சண்டை மட்டும் போதும் என்கிறவர்களுக்கு இது விளங்காது, ஏனென்றால் அவர்கள் மறுத்த இடத்தைத் தள்ளிவிட்டார்கள். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சின்னக் கிண்ணத்தால் கீழ் வாளித் தண்ணீரை மேல் வாளிக்கு மாற்றுவதை "இழுவை" என்கிறீர்கள். அதைச் செய்கிற உடம்பு எங்கேயிருந்து வந்தது? ஜாக்கி சான் சின்ன வயசிலேயே பீக்கிங் ஒபேரா பள்ளியில் விடப்பட்டு, சுமார் 10 வருசம் பாட்டு, ஆட்டம், குத்துக்கரணம், அடி எல்லாம் வாங்கி வளர்ந்தவர். ஆசானாக வரும் யுவென் சியூ-தியென் இயக்குநரின் சொந்தத் தகப்பன், 60 வயசைத் தாண்டியவர், அடுத்த வருசமே இறந்துபோனார். கூத்து பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. எங்கட கூத்திலும் ஆட்டக்காரன் மாதக்கணக்கில் அண்ணாவியாரிடம் பழகித்தான் களரி ஏறுவான். அங்கேயும் வீரமும் கோமாளித்தனமும் ஒரே மேடையில்தான் நிற்கும். சிரிப்பு வந்தால் வீரம் கெட்டுப்போகும் என்பது எங்கட மரபு இல்லை, இடையில் வந்த பழக்கம்.

இந்தப் படத்துக்கு எதிராக நியாயமான ஒரு கேள்வி இருக்கிறது: குடியைக் கொண்டாடுகிறதா? ஓம், கொண்டாடுகிறது. குடியால் வீடுகள் சிதைவதைக் கண்ணால் காண்கிற ஊரில் அதைச் சும்மா தாண்டிப்போக ஏலாது. 1994இல் வந்த இரண்டாம் பாகத்தில், குடித்தால் என்ன ஆகும் என்று அதே நாயகனைத் தகப்பனே எச்சரிக்கிறார். அதன் மூலப் பிரதியின் முடிவில் அவன் புத்தி கெட்டு நிற்கிறான். வெளிநாட்டுக்குப் போன பதிப்பில் அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள். விவாதிக்க வேண்டியது இதைத்தான். ஆனால் இந்தக் கேள்வியை எங்கட பெடியள் ஒருத்தரும் கேட்பதில்லை.

அவர்கள் கேட்பது, "அடி உண்மையா இல்லையே?" என்று. ஒரு கதாநாயகன் தனியாளாக நூறு பேரை வெட்டிச் சாய்த்து, சட்டை கசங்காமல் மெதுவாக நடந்துவந்தால் விசிலடிக்கிறோம். அது உண்மையாம்! அடி வாங்கினால் நோகும், தோற்றால் வெட்கமாக இருக்கும், ஒரு அடி கற்க நாள்கணக்கில் தொங்கவேண்டும் என்று காட்டுகிற படம் பொய்யாம். அடி என்றால் என்ன, சாவு என்றால் என்ன என்று எங்கட வீட்டுப் பெரியாட்களுக்குத் தெரியும். அவர்களின் பிள்ளைகள் நோகாத வன்முறையைப் பார்த்துக் கைதட்டப் பழகியிருக்கிறோம். எனக்குப் பயம் அதிலேதான்.

படம் பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று தாராளமாகச் சொல்லுங்கோ. ஆனால் முதலில் முழுசாகப் பாருங்கோ, தண்ணீர்க் கிண்ணத்தையும் சேர்த்து.