ரீல் விற்கும் கடையில் பேரிங்கும் இருக்கட்டும்!

பொருளை விற்றுப் பணத்தைக் கல்லாவில் போட்டதோடு வணிகரின் கடமை முடிந்தது என்று நம்மில் சிலர் எண்ணுகிறார்கள். விற்ற பொருள் பழுதாகும் நாளில் வாடிக்கையாளர் எந்தக் கடையின் படியேறுகிறாரோ அந்தக் கடைதான் நிலைக்கும் என்பது என் கருத்து. தூண்டில் சாமான்கள் விற்கும் நமது உறுப்பினர்களுக்கு இதை ஒரு சின்ன உதிரிப் பாகத்தை வைத்தே சொல்ல விரும்புகிறேன். அதுதான் பெய்ட்காஸ்டிங் ரீலின் பேரிங்.

சாதாரண ஸ்பின்னிங் ரீலில் தூண்டிலை வீசும்போது ஸ்பூல் சுழலாது. நரம்பு மட்டும் அவிழ்ந்து ஓடும். பெய்ட்காஸ்டிங் ரீலில் ஸ்பூலே சுழல வேண்டும். அந்தச் சுழற்சியைத் தாங்குபவை விரல் நகத்தளவே உள்ள சின்னஞ்சிறு பேரிங்குகள். அவற்றில் உப்பும் மணலும் ஏறினால் வீச்சு குறையும், ரீல் கரகரக்கும். ஸ்வீடன் நாட்டின் புகழ்பெற்ற ஆபு நிறுவனம் 1921இல் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கப்பட்டது. ரீலைப் பழுது பார்க்கவும் கடிகாரக்காரரின் பொறுமையே தேவை.

சென்ற ஆண்டு ஓர் இளைஞர் எங்களிடம் ஒரு ரீலைக் கொண்டுவந்தார். வாங்கிய கடையில், "இனி இது உதவாது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்களாம். திறந்து பார்த்தால் பழைய கிரீசும் காய்ந்த உப்பும்தான். ஒரு பேரிங்கைக் கழுவினோம். துருப்பிடித்த இன்னொன்றை மாற்றினோம். சில நூறு ரூபாயில் முடிந்த வேலைக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவு செய்யச் சொன்னது வணிகமா?

வேலை கடினமானதல்ல. பேரிங்கைக் கழற்றி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் அலசி நன்றாக உலர விட வேண்டும். அசிட்டோன் ரப்பர் மூடியையும் சில வகை பிளாஸ்டிக்கையும் கெடுத்துவிடும். உலர்ந்ததும் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு போதும். கிரீஸ் பற்சக்கரத்துக்கு உரியது. ஸ்பூல் பேரிங்கில் அப்பினால் வேகம் போய்விடும். விரலால் மெதுவாகச் சுழற்றும்போது கழுவிய பிறகும் நறநறவென்றால் மாற்றிவிட வேண்டியதுதான். சில ரீல்களில் ஸ்பூல் தண்டின் குறுக்கே சிறு பின் இருக்கும். அதற்குரிய கருவியால் மட்டுமே அதைத் தள்ள வேண்டும். நெம்பினால் தண்டு வளையும்.

விற்பவர் எண்களையும் அறிந்திருக்க வேண்டும். 623 ZZ என்றால் துளை 3 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 10, அகலம் 4. MR115 ZZ என்றால் துளை 5, வெளிவிட்டம் 11, அகலம் 4. ZZ என்பது இரு பக்கமும் தகட்டு மூடி. 2RS என்பது ரப்பர் மூடி. ஒரு வெர்னியர் காலிப்பர் கடையில் இருந்தால் எந்தப் பேரிங்கையும் அளந்து கொடுத்துவிடலாம்.

மேலும் சில உண்மைகளை வாடிக்கையாளரிடம் மறைக்கக் கூடாது. ஏபெக் எண் என்பது அளவின் துல்லியத்தைத்தான் சொல்லும். துருப்பிடிக்குமா என்பதைச் சொல்லாது. செராமிக் பேரிங் என்று விற்பவற்றில் பலவற்றில் குண்டு மட்டுமே செராமிக். வளையம் எஃகுதான், அதற்கும் பராமரிப்பு வேண்டும். காந்தம் ஒட்டினால் ஸ்டெயின்லெஸ் அல்ல என்பதும் இங்கே செல்லாது. பேரிங்குக்குப் பயன்படும் 440சி ஸ்டெயின்லெஸ் எஃகில் காந்தம் ஒட்டும். ஆகவே நம்பகமான இடத்தில் கொள்முதல் செய்து, வகையைப் பில்லில் எழுதிக் கொடுப்பதே நேர்மை. சாதா குரோம் எஃகைக் கடல் தண்ணீருக்கு என்று விற்பவர், அடுத்த மாதமே அந்த வாடிக்கையாளரை இழப்பார்.

"பேரிங் விற்றால் புது ரீல் விற்பனை குறையாதா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். குறையாது. ரீல் கெட்டவர் பொழுதுபோக்கையே விட்டுவிடக்கூடும். ரீல் ஓடினால் அவர் நரம்புக்கும் முள்ளுக்கும் செயற்கை இரைக்கும் நம்மிடமே வருவார். நாளை இரண்டாவது ரீலும் வாங்குவார். இணையத்தில் விலை குறைவாக இருக்கலாம். ஆனால், பழைய பேரிங்கைக் கையில் வாங்கி, அளந்து, "ஐயா, உங்களுக்கு இதுதான் வேண்டும்" என்று சொல்வது நம் கடையில்தான் நடக்கும்.

எனவே, ரீல் விற்கும் ஒவ்வொரு உறுப்பினரும் தாம் விற்கும் மாடல்களுக்கான பேரிங் அளவுகளைக் குறித்து, ஒவ்வொன்றிலும் பத்தாவது இருப்பில் வைக்க வேண்டுகிறேன். ஒரு சிறிய டப்பாவில் அடங்கும் சரக்கு அது. முடங்கும் முதல் சொற்பம். சேரும் நற்பெயர் பெரிது.