மீண்டு வந்தோர்

போர்க்களத்தில் மாண்ட வீரனுக்குக் கல் நடுதல் தமிழரின் தொல்வழக்கு. கல்லைக் கண்டு தேர்தல் முதலாக அதனை வாழ்த்துதல் ஈறாக அதற்குரிய துறைகளைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகின்றது. பிற்காலத்தில், வீழ்ந்தவன் குடும்பத்தார்க்கு உதிரப்பட்டி, நெய்த்தோர்ப்பட்டி என்னும் பெயர்களால் நிலம் விடப்பட்ட செய்தியையும் கல்வெட்டுக்களிற் காண்கிறோம். இறந்தாரைப் போற்றும் வகையில் நம் முன்னோர் குறை வைத்தாரல்லர். ஆயின், களத்தினின்று மீண்டு வந்து, பின் ஐம்பது அறுபது ஆண்டுகள் பிழைப்புக்காக உழைத்து, முதுமையெய்தி மறைந்தவனுக்குச் செய்ய வேண்டுவது யாது என்னும் வினாவுக்கு அக்கற்கள் விடை கூறுவதில்லை. நம் காலத்து அரசாங்கங்களும் அதற்குத் தயங்கித் தயங்கியே விடை கூறியிருக்கின்றன. ஒருவருடைய தீரத்தை அளப்பதற்குப் போர் நிகழ்ந்த ஆண்டுகள் போதா. அவருடைய பிற்கால வாழ்வையும் உடன்வைத்தே அளத்தல் வேண்டும் என்பது நம் துணிபு.

இதற்குத் தமிழரோடு நெருங்கிய தொடர்புடைய ஒரு படையையே சான்றாகக் கொள்வோம். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. சரணடைந்த இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு தொடங்கிய இந்திய தேசிய இராணுவம், தலைவர்க்கும் ஜப்பானியர்க்கும் நேர்ந்த பிணக்கினால் அவ்வாண்டின் இறுதியிலேயே கலைந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தபின் அது மறுபடியும் உயிர் பெற்றது. இம்முறை சிப்பாய்களோடு, மலாயா நாட்டு ரப்பர்த் தோட்டங்களிற் பால் வெட்டி வாழ்ந்த தமிழரும் திரளாகச் சேர்ந்தனர். மகளிர்க்கெனத் தனிப்படை ஒன்று வேண்டும் என்று போஸ் கேட்டபோது முன்வந்தோருட் பலர், தோட்டத்து லயங்களில் வளர்ந்த தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணாற் கண்டிராதவர். அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூரில் அவர்களுடைய பயிற்சி முகாம் திறக்கப்பெற்றது. ஜான்சி ராணிப் படை என்பது அதன் பெயர். அதன் தொகை சில நூறு என்பாரும் ஆயிரம் என்பாரும் உளர்.

இப்படையைப் பற்றி மேடைகளிற் பேசுவோர், அம்மகளிர் துப்பாக்கியேந்திப் பகைவரை முறியடித்ததாக வருணிப்பதுண்டு. அவ்வருணனை நமக்கு உடன்பாடன்று. முன்னணிப் போரில் அவர்கள் இறக்கப்படவே இல்லை. அவர்கள் 1944இல் பர்மாவில் இருந்தபோது இம்பால் படையெடுப்புத் தோல்வியில் முடிந்துகொண்டிருந்தது. குளிர்காய்ச்சலாலும் வயிற்றுக்கடுப்பாலும் பட்டினியாலும் எலும்பும் தோலுமாய்த் திரும்பிய சிப்பாய்களுக்கு மேமியோ நகரத்து மருத்துவமனையில், வானிலிருந்து குண்டு விழும் அச்சத்தினிடையே, அவர்கள் பணிவிடை செய்தனர். 1945 ஏப்ரல் 24ஆம் நாள் இரங்கூனை விட்டுப் புறப்பட்ட தொகுதியாரோடு போஸும் சென்றார். விமானங்களுக்கு அஞ்சிப் பகலில் மறைந்திருந்து, இரவில் நடந்து, ஆறுகளைக் கடந்து, மூன்று வாரங்களுக்கு மேற்பட்ட பயணத்தின்பின் அவர்கள் பாங்காக் நகரை அடைந்தனர். படையினர் சிலர் சென்ற ரயில் வண்டி இடைவழியில் தாக்கப்பட, பெண்கள் இருவர் உயிர் துறந்தனர். தோல்வியுற்ற படையிலே ஒழுங்கு குலையாது பின்வாங்குதல் வெற்றியுற்ற படையிலே முன்னேறுதலினும் அரிதென்பதைப் போர்நூல் கற்றோர் அறிவர். இப்பெண்களின் தீரத்துக்கு அப்பயணமே தக்க சான்று. பொய்ச் சான்றுகள் எதற்கு?

1945 ஜூலையில் சிங்கப்பூர்க் கடற்கரையில், இறந்த வீரர்க்கென ஒரு நினைவுத் தூணுக்குப் போஸ் அடிக்கல் நாட்டினார். இரண்டு திங்களில் பிரிட்டிஷார் திரும்பி வந்து அதனைத் தகர்த்தெறிந்தனர். அவ்விடத்தில் ஓர் அடையாளக் கல் மறுபடியும் வைக்கப்பட்டது 1995இல். இடையிற் சென்றவை ஐம்பது ஆண்டுகள். கல்லுக்கே இந்நிலையென்றால் ஆளுக்கு எந்நிலை?

தில்லிச் செங்கோட்டையில் 1945 நவம்பரில் தொடங்கிய விசாரணையால் நாடே கொந்தளித்ததும், தீர்ப்பளிக்கப்பெற்ற அதிகாரிகள் மூவரும் 1946 ஜனவரியில் விடுதலை பெற்றதும் வரலாற்றுப் புத்தகம் படித்தோர் யாவரும் அறிந்தவை. அதன் பின் நேர்ந்ததை அப்புத்தகங்கள் விரித்துரைப்பதில்லை. விடுதலை பெற்ற இந்தியாவின் படையில் இவர்களுக்கு மீண்டும் இடம் அளிக்கப்படவில்லை. படையின் கட்டுப்பாடு கெடும் என்பது கூறப்பட்ட காரணம். அதில் ஒருவகை நியாயம் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வேலை மறுக்கப்பட்டவனுக்குச் சோறு மறுக்கப்படுதல் எந்நியாயத்தில் அடங்கும்? மத்திய அரசாங்கத்தின் விடுதலைப் போராட்ட வீரர் உபகாரச் சம்பளத் திட்டம் வந்தது 1972 ஆகஸ்டில். போர் முடிந்தபோது இருபது வயதினராயிருந்த சிப்பாய்க்கு அப்போது நாற்பத்தேழு வயது. அதுவும் ஆண்டு வருமானம் 5,000 ரூபாய்க்கு மேற்படாதவர்க்கே கிடைத்தது. 1980இல் அந்த வரம்பு நீக்கப்பெற்று, வறியவர்க்கு அளிக்கும் உதவி என்னும் நிலையிலிருந்து யாவர்க்கும் உரிய மரியாதை என்னும் நிலைக்கு அஃது உயர்ந்தது.

மரியாதை வந்த பின்னும் சான்று கேட்பது நிற்கவில்லை. சிறையிருந்தோர் ஆறு திங்கள் இருந்ததற்குத் தாள் காட்ட வேண்டும். பெண்களாயின் மூன்று திங்கள். பணம் கொடுக்கும் அரசாங்கம் ஆதாரம் கேட்பது முறையே. வீரரல்லாதாரும் வீரரென்று வந்து நிற்பதுண்டு. எனினும் சற்றே எண்ணிப் பார்ப்போமாக. தோல்வி நெருங்கும் வேளையில் பதிவேடுகளை எரிப்பது எல்லாப் படைகளுக்கும் வழக்கம். முகாம் கலைந்த நாளில் உடுத்த துணியோடு தோட்டத்துக்குத் திரும்பிய பெண், யாருடைய கையொப்பத்தைக் கொண்டுவருவாள்? எழுதப் படிக்கத் தெரிந்தவர்க்கும், தலைவர்களோடு பழக்கமுடையவர்க்கும் தாள் கிடைத்திருக்கும். கைநாட்டு வைத்தவர்க்கு அத்தகைய வசதி ஏது?

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படும், எழுப்பப்படுவதும் தகும். இவர்கள் ஜப்பானியரோடு கைகோத்தவரல்லரோ? அந்த ஜப்பானியரே சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடுவதற்கு அதே மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழரைப் பிடித்துச் சென்றனர். காலராவாலும் பட்டினியாலும் அடியாலும் அங்கு மாண்டவர் பல்லாயிரவர். அங்கே கைதிகளாய் இறந்த நேச நாட்டுச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இறந்த தமிழ்க் கூலிகளுக்கு அவ்வாறு ஆளுக்கொரு கல் இல்லை. பாதை முடிந்ததும் 1943 அக்டோபரில். ராணிப் படையின் முகாம் திறந்ததும் அதே திங்களில். இவ்விரண்டையும் ஒருசேர நினைக்கும்போது நம் உள்ளம் நிலைகொள்வதில்லை. போஸ் கொண்ட கூட்டுறவு சரியா தவறா என்பதில் அறிஞர் இன்றும் வேறுபடுகின்றனர். நம்மைப் பொறுத்தவரை, அக்கூட்டுறவைப் புகழ நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் பதினாறு பதினெட்டு வயதில், தன் காதணியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பாசறை புகுந்த பெண்ணின் கணக்கில் தோக்கியோ நகரத்துத் தளபதிகளின் கொடுமையை எழுதுதல் நீதியாகாது.

மற்றொன்றும் ஈண்டுச் சொல்லற்பாலது. எதிரணியில் நின்றவரும் நம்மவரே. பிரிட்டிஷ் கொடியின்கீழ் அப்போரிற் பணிபுரிந்த இந்தியர் ஏறத்தாழ 25 லட்சம் பேர். கோகிமா இடுகாட்டில் எரியூட்டப்பெற்ற இந்து, சீக்கிய வீரர் 917 பேரின் பெயர்கள் தனியே பொறிக்கப்பட்டுள்ளன. இத்தாலியில் வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மேல் தம் உடலையே கவித்து உடன் நின்றோரைக் காத்த சென்னைச் சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்பிரமணியனுக்கு 1944இல் ஜியார்ஜ் கிராஸ் என்னும் உயர்ந்த விருது வழங்கப்பெற்றது. கூலிக்குப் போன சிப்பாய் என்று இவர்களை இகழ்வாரும், காட்டிக்கொடுத்த சிப்பாய் என்று அவர்களை இகழ்வாரும் முன்பு இருந்தனர். இரு சாராரும் ஊர் திரும்பியபின் ஒரே சந்தையில் அரிசி வாங்கினர் என்பதை அவ்விகழ்வார் மறந்தனர்.

இனிப் பிற்கால வாழ்வுக்கு வருவோம். ராணிப் படையின் தலைவியாயிருந்த காப்டன் லட்சுமி அம்மையார் 1914இல் சென்னையிற் பிறந்தவர். 1938இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்றவர். 1945இல் பர்மாவிற் பிடிபட்டு, 1946 மார்ச்சில் இந்தியா கொண்டுவரப்பெற்றார். ஊர்தோறும் வரவேற்பு, மாலை, முழக்கம். அத்தோடு நின்றிருந்தால் அவர் கதை பலருடைய கதை போன்றதே. 1947இல் பிரேம் சேகல் என்னும் சக அதிகாரியை மணந்து கான்பூரிற் குடியேறினார். நாட்டுப் பிரிவினையால் வந்து குவிந்த அகதிகளே அங்கு அவருடைய முதல் நோயாளிகளுள் அடங்குவர். பின்னர் அரை நூற்றாண்டுக்கு மேலாக, பெரும்பாலும் ஏழைப் பெண்களுக்கு, பிரசவம் பார்ப்பதும் மருந்து கொடுப்பதுமாக அந்நகரத்திலேயே காலம் கழித்தார். 1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் வந்தபோது எல்லை முகாமுக்குச் சென்றார். 1984இல் போபால் நச்சுக்காற்று விபத்துக்குப்பின் மருத்துவக் குழுவோடு அங்குச் சென்றார். அதே ஆண்டு, இந்திரா காந்தி கொலையுண்டபின் கான்பூரில் சீக்கியரைத் தாக்கத் திரண்ட கும்பலின்முன் தெருவில் இறங்கி நின்றார். அப்போது அவருக்கு வயது எழுபது, கையிற் படையில்லை, பின்னாற் சேனையில்லை. 1943இல் சிங்கப்பூரிற் செய்ததையும் 1984இல் கான்பூர்த் தெருவிற் செய்ததையும் தராசிலிட்டால் பின்னதே கனக்கும் என்று நாம் சொல்லத் துணிகிறோம்.

2002இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் அவர் அப்துல் கலாமை எதிர்த்து நின்று தோற்றார். போட்டியாளர் இருவரும் தமிழ்நாட்டிற் பிறந்தவராயிருந்தது நமக்கோர் இனிய முரண். அதன் பின்னும் தொண்ணூறு கடந்த வயதில் நாள்தோறும் மருந்தகம் சென்று நோயாளிகளைப் பார்த்தார். 2012 ஜூலை 23ஆம் நாள் தமது 97ஆம் வயதில் மறைந்தார். உடல் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கப்பெற்றது.

மலாயாவில் தங்கியோரும் சோம்பியிருந்தாரல்லர். ஜானகி ஆதி நாகப்பன் அம்மையார் 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸைத் தொடங்கியோருள் ஒருவராகி, பின்னர் மேலவையிலும் இடம்பெற்றார்; 2014இல் காலமானார். பதினாறு வயதிற் படை புகுந்த இராசம்மா பூபாலன் அம்மையார் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு, ஆசிரியைகளுக்கென ஒரு சங்கம் அமைத்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் வேண்டுமென்று போராடினார். கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாகவும் விளங்கினார். மிஷன் பள்ளிகளையும் கல்லூரிகளையும் சார்ந்த நமக்கு இது கேட்க உவப்பானது. அணிவகுத்து நடக்கக் கற்ற கால்கள் பின்னர் வகுப்பறைக்கும் சங்கத்துக்கும் நடந்தன.

இம்மூவரும் பெயர் பெற்றவர். கல்வியும் துணையும் உடையவர். ஆயின் படையில் மிகுதியாயிருந்தோர் தோட்டத்துப் பெண்கள். அவர்கள் சீருடையைக் களைந்து, மறுபடியும் விடியுமுன் எழுந்து, பால் வாளியோடு ரப்பர் மரத்தடிக்குச் சென்றனர். சிலர் இராமநாதபுரம், தஞ்சாவூர் முதலிய தாயூர்களுக்கு வந்து சேர்ந்தனர். ஒரு காலத்தில் முந்நூறு பேர் நடுவே நிமிர்ந்து நின்று பெயர் சொன்னவள், பின்பு கணக்குப்பிள்ளையின் ஏட்டில் ஓர் எண்ணாக வாழ்ந்தாள். அவ்வாழ்வைத் தாங்கியதையும் நாம் தீரம் என்றே கணக்கிடுகிறோம்.

2019 ஜனவரி 26ஆம் நாள் தில்லிக் குடியரசு நாள் அணிவகுப்பில் இந்திய தேசிய இராணுவத்து முதியோர் நால்வர் முதன்முறையாகப் பங்கு பெற்றனர். யாவரும் தொண்ணூறு வயது கடந்தவர். வண்டியில் அமர்ந்து சென்றனர். நன்று. ஆனால் அறுபத்தொன்பது அணிவகுப்புக்கள் அவர்களின்றி நடந்தேறியபின் வந்த அழைப்பு அது. இனி அத்தகைய அழைப்பைப் பெறத்தக்கவர் மிகச் சிலரே. அவர்களுடைய மக்களும் பேரப்பிள்ளைகளும் இருக்கின்றனர். பெட்டியடியில் ஒரு படமோ, பித்தளை வில்லையோ, பாதி நினைவிலுள்ள ஒரு கதையோ இருத்தல் கூடும்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் மாணவர்க்கும், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் குடும்பத்திலோ அண்டையிலோ எந்தக் கொடியின்கீழாயினும் அப்போருக்குச் சென்று மீண்டவர் இருந்திருப்பின், அவரை அறிந்தோரிடம் கேட்டு எழுதியனுப்புங்கள். பெயர், பிறந்த ஊர் அல்லது தோட்டம், சேர்ந்த ஆண்டு, இருந்த முகாம், திரும்பிய நாள் ஆகியன ஒருபுறத்தில் அடங்கும். திரும்பியபின் என்ன தொழில் செய்தார், எவரை வளர்த்தார், எந்நோயால் வருந்தினார், எப்போது மறைந்தார் என்பதற்குத் தாளின் மறுபுறம் முழுவதையும் விடுங்கள். போதாதாயின் இன்னொரு தாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.