முதலில் அடியைப் பார், பிறகு உயரத்தை ஏற்று

போன கிழமை ஒரு தம்பி எனக்குப் படம் அனுப்பியிருந்தான். பழைய பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறான். வடிவான வண்டிதான். படத்துக்குக் கீழே ஒரு கேள்வி: “அக்கா, 3 அங்குலம் ஏத்தவா, 4 அங்குலம் ஏத்தவா? எந்த லைட் பார் நல்லம்?”

நான் திருப்பிக் கேட்டேன்: “அடியில படுத்துப் பாத்தனியா?”

“அடியில என்ன இருக்கு?” என்றான்.

அந்தப் பதில்தான் என்னை எழுத வைத்தது. கொஞ்சம் கோபமாய்த்தான் எழுதப் போகிறேன். முதலில் திட்டப்போவது என்னைத்தான், அதனால் நீங்கள் கோபிக்கவேண்டாம்.

என்னிடம் 2004ஆம் ஆண்டு போர்ட் ரேஞ்சர் இருக்கிறது. 3 லீட்டர் வி6 எஞ்சின், ஐந்து கியர் மனுவல், நாலு சில்லும் இழுக்கும். இந்தச் சின்ன ரேஞ்சரைச் செய்வதை 2011 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். வட அமெரிக்காவில் அந்தப் பெயர் திரும்பி வந்தது 2019 மொடலில்தான், அதுவும் பெரிய உருவத்தில். சின்னப் பிக்கப் வேண்டுமென்றால் பழசைத்தான் தேடவேண்டும். பழசு என்றால், ஒன்ராறியோவில், உப்பு.

ஒவ்வொரு குளிர்காலமும் எங்கள் வீதிகளில் கொட்டுகிற உப்பு பனியைக் கரைத்துவிட்டுச் சும்மா போய்விடாது. தண்ணீரோடு சேர்ந்து வண்டியின் சட்டத்துக்குள் போய் இருந்து இரும்பைத் தின்னும். இருபது குளிர்காலம் கண்ட வண்டிக்கு மேலே பெயின்ற் பளபளக்கலாம். அடியில் கறள் என்ன செய்திருக்கிறது என்று படுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

வாங்கியபோது எனக்கு 22 வயது. நான் படுத்துப் பார்க்கவில்லை. கையில் இருந்த காசு முழுவதையும் 31 அங்குல ரயருக்கும், எல்ஈடி விளக்குக்கும், 2 அங்குலம் ஏற்றுவதற்கும் கொட்டினேன். முன்னால் முறுக்குக் கம்பியை இறுக்கி, பின்னால் உயரமான கட்டை வைத்து ஏற்றினேன். படம் எடுத்துப் போட்டேன். நிறைய இதயங்கள் விழுந்தன.

அடுத்த மார்ச் மாதம், மார்க்கம் வீதியில், சிவப்பு விளக்குக்குப் பிறேக்கை அமத்தினேன். மிதி தரை வரைக்கும் போனது. பக்கத்தில் என் தம்பி இருந்தான்.

இப்போதைய வண்டிகளில் பிறேக் எண்ணெய் இரண்டு தனித்தனிப் பாதைகளில் போகும். ஒன்று போனாலும் மற்றது மிஞ்சும். அந்த மிச்சப் பிறேக்கில்தான் வண்டி நின்றது, சந்திக்குள் பாதி உடம்பை நீட்டிக்கொண்டு. அந்த நேரம் குறுக்கே யாரும் வரவில்லை. அதற்கு மேல் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

பிறகு அடியில் பார்த்தேன். சட்டத்தின் ஓரமாய்ப் பின் சில்லுக்குப் போகிற பிறேக் குழாய் கறள் தின்று வெடித்திருந்தது. பின் ஸ்பிரிங்கைத் தாங்குகிற கொளுக்கி விரலால் அமத்தினாலே உதிர்ந்தது. அந்தக் கொளுக்கியின் மேல்தான் நான் 2 அங்குல உயரத்தையும் பாரமான ரயரையும் ஏற்றியிருந்தேன். வண்டியில் பிழை இல்லை. உப்பு தன் வேலையைச் செய்தது, நான் என் வேலையைச் செய்யவில்லை.

ஆகவே என் கட்சி இதுதான்: திருத்தத் தெரியாத வண்டியை அலங்கரிக்காதே. பழைய பிக்கப்பை மாற்றியமைப்பதற்கு நான் எதிரி இல்லை. வரிசையைத் தலைகீழாக்குவதற்குத்தான் எதிரி.

“நான் காசு குடுத்து நல்ல கடையில ஏத்தினனான், என்ன பிரச்சினை?” என்று கேட்பீர்கள். கணக்குப் பார்ப்போம். என் வண்டிக்குத் தொழிற்சாலை போட்ட ரயரின் விட்டம் ஏறத்தாழ 29 அங்குலம். 31 போட்டால் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகும். வேகமானி 100 காட்டும்போது உண்மையில் ஏறத்தாழ 107இல் போகிறீர்கள். 33 போட்டால் 114. பொலிஸ் மறித்தால் “மீற்றரில 100தான் இருந்தது” என்று சொல்லிப் பாருங்கள். ரயர் பெரிசாகிப் பாரமாகிவிட்டது, பிறேக் அதே பழைய பிறேக். ஏற்றினால் பாரம் மேலே போகும், திருப்பத்தில் வண்டி சரியும். புரளாமல் காப்பாற்றுகிற மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு கனடாவில் 2011 செப்டெம்பரில்தான் புதிய வண்டிகளுக்குக் கட்டாயமானது. உங்கள் 2004இல் அது இருக்காது.

முன்பக்கம் உயர்ந்தால் முன்விளக்கும் மேலே பார்க்கும். அதற்குள், ஹலஜன் குமிழுக்கென்று செய்த கண்ணாடிக் கூட்டில், எல்ஈடி குமிழைச் சொருகினால் ஒளி கண்டபடி சிதறும். உங்களுக்கு வடிவு, எதிரே இரவு வேலை முடிந்து வருகிற அம்மாவுக்குக் கண் தெரியாது. அந்த அம்மா உங்களுடைய அம்மாவாகவும் இருக்கலாம். எனக்கு இது ஃபாஷன் பிரச்சினையாய்த் தெரியவில்லை, மரியாதைப் பிரச்சினையாய்த் தெரிகிறது.

“அரசாங்கம் பாக்கும்தானே?” பாக்காது. ஒன்ராறியோவில் பழைய வண்டி வாங்கி உங்கள் பெயரில் ஓட்டுவதற்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். அது செல்லுபடியாவது 36 நாள். அதற்குப் பிறகு, நீங்கள் சொந்தத் தேவைக்கு ஓட்டுகிற சாதாரண வண்டியை வருடாவருடம் யாரும் நிமிர்த்திப் பார்ப்பதில்லை. பயணிகள் வண்டிக்கான புகைச் சோதனை 2019 ஏப்ரலில் போய்விட்டது. இலக்கத்தகட்டு ஸ்டிக்கரும் 2022இல் போய்விட்டது. மிச்சம் இருக்கிற ஒரே பரிசோதகர் நீங்கள்தான்.

இனி மற்றப் பக்கத்தோடு சண்டை. வீட்டோடு.

பிறேக் குழாய் வெடித்த பிறகு நானே மாற்றுவேன் என்றேன். அப்பா, “மெக்கானிக்கிட்ட குடு பிள்ளை, கை ஊத்தையாகும்” என்றார். மாமி, “பழசை எறிஞ்சுபோட்டுப் புதுசு ஒண்டு லீசுக்கு எடன்” என்றார். பெரியப்பாவுக்கு, பொம்பிளைப் பிள்ளை வாசலில் வண்டிக்கு அடியில் கிடப்பதைச் சனம் பார்ப்பதுதான் கவலை.

மற்றவர்களை விடுங்கள், அப்பா சொன்னதுதான் எனக்கு விளங்கவில்லை. ஏனென்றால் அப்பாவின் கதை எனக்குத் தெரியும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் ஒழுங்காய் வரவில்லை. சனம் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் காரையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் இலேசில் ஆவியாகாது. அதனால் சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றரில் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அப்பா அப்போது பெடியன். அதை அவரும் செய்தவர்.

“நீங்கள் மண்ணெண்ணெயில கார் ஓட்டினனீங்கள், நான் ஒரு குழாய் மாத்தக்கூடாதா?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “அது விருப்பத்துக்குச் செய்த வேலையில்லை பிள்ளை. வேற வழியில்லாமல் செய்தது. உங்களுக்கு அந்த நிலை வரக்கூடாதெண்டுதான் இஞ்ச வந்தனாங்கள்.”

இதற்குப் பதில் சொல்வது சுலபமில்லை. அவர் சொன்னது சரி. தடையையும் பட்டினியையும் “எங்கட ஆக்களின்ர கெட்டித்தனம்” என்று படம் காட்டுகிறவர்களை எனக்கும் பிடிக்காது. ஆனாலும் இதைச் சொல்வேன்: வறுமையை விட்டுவிட்டு வரலாம், கைத்திறனை ஏன் விட்டுவிட்டு வரவேண்டும்? “எஞ்சினியருக்குப் படி, ஆனால் எஞ்சினைத் தொடாதே” என்று பிள்ளைகளை வளர்ப்பதற்குப் பின்னால் கரிசனை மட்டும் இல்லை. கைவேலை செய்கிறவரைக் கீழாய்ப் பார்க்கிற பழைய வியாதியும் இருக்கிறது. அது எந்த ஊரிலிருந்து எங்களோடு விமானம் ஏறி வந்தது, அதற்குப் பெயர் என்ன என்பது எல்லாருக்கும் தெரியும். வாயால் சமத்துவம் கதைத்துவிட்டு, எண்ணெய்க் கையைக் கண்டால் முகம் சுளிப்பது எனக்கு ஒத்துவரவில்லை.

எதிர்த்தரப்பில் நியாயமான வாதங்களும் இருக்கின்றன. புதிய வண்டி மோதலில் கூடுதல் பாதுகாப்பானது, உண்மை. என் வண்டி பெற்றோல் கூடக் குடிக்கும், அதுவும் உண்மை. தினமும் நகரத்துக்குள் போய்வர நான் பஸ்தான் எடுக்கிறேன். பிக்கப் சாமான் ஏற்ற, கிழமை முடிவில் ஓட. ஒவ்வொரு நாளும் 80 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு, பிள்ளைகளை ஏற்றுகிறவருக்கு, பழைய வண்டி வாங்கு என்று நான் சொல்லமாட்டேன். எல்லாவற்றையும் நீயே செய் என்றும் சொல்லவில்லை. சட்டத்தில் வெல்டிங் தேவைப்பட்டால் நான் தொழில் தெரிந்தவரிடம்தான் போவேன். ஆனால் அவர் என்ன செய்கிறார் என்று விளங்குகிற அளவுக்கு எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

பிறேக் குழாயை நான் கடைசியில் மாற்றினேன். இரும்புக் குழாய்க்குப் பதிலாகச் செம்பு நிக்கல் கலப்புக் குழாய் போட்டேன். அதைக் கறள் தின்னாது, கையாலேயே வளைக்கலாம். முனையை இரட்டை மடிப்பாய் விரிக்கவேண்டும். முதல் மூன்று முனையையும் பழுதாக்கினேன், நாலாவது சரிவந்தது. முடித்த பிறகு, அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டித்தான் வீதியில் இறக்கினேன். ஸ்பிரிங் கொளுக்கியைப் பிடித்திருந்த பழைய ஆணிகளை அராவி எடுத்து, புதுக் கொளுக்கியைப் பலமான போல்ட்டால் இறுக்கினேன். ஒவ்வொரு இலையுதிர் காலமும் அடிச்சட்டம் முழுவதற்கும் கறள் தடுக்கும் எண்ணெய் அடிக்கிறேன். கியர்ப் பெட்டியில் எண்ணெய் மாற்றினேன். அப்போதுதான் இந்த மனுவல் பெட்டிக்குத் தடித்த கியர் எண்ணெய் இல்லை, ஓட்டோமற்றிக் பெட்டிக்கு ஊற்றுகிற சிவப்பு எண்ணெய்தான் போகும் என்று கையேட்டில் படித்தேன். தெரியாமல் ஊற்றியிருந்தால்?

இவையும் மாற்றியமைப்புத்தான். வீதியில் போகிற யாருக்கும் தெரியாது, படம் எடுத்துப் போட்டால் இதயம் விழாது. ஆனால் தம்பியை முன் சீற்றில் ஏற்றும்போது என் நெஞ்சு அடிக்காது.

இன்னொரு விஷயம். 2024 நவம்பரில் கனடாவின் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு பொருளைத் திருத்துவதற்காக, பராமரிப்பதற்காக அதன் மென்பொருள் பூட்டைத் திறப்பதற்கு இப்போது இடம் இருக்கிறது. சொந்தமாய் வாங்கிய பொருளைத் திருத்துவது எங்கள் உரிமை என்று பலர் பல வருடம் கேட்டதன் பலன் அது. சட்டம் தந்த உரிமையை எடுத்துப் பயன்படுத்தக் கை தெரியவேண்டும். நாங்கள் பொனற்றையே திறக்காவிட்டால் யாருக்காக அந்தச் சட்டம்?

ஆகவே, படம் அனுப்பிய தம்பிக்கும், அவனைப்போல வண்டி தேடுகிற தங்கச்சிமாருக்கும் ஒரு சனிக்கிழமை வேலை தருகிறேன். சமதரையில் நிறுத்து. கைப்பிறேக்கைப் போடு, சில்லுக்குக் கட்டை வை. ஏற்றினால் ஜக் ஸ்ராண்டில் நிறுத்து. வெறும் ஜக்கை நம்பி ஒருநாளும் அடியில் போகாதே. ரோச்சை எடுத்து ஐந்து இடம் பார்.

சட்டத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டு. நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், கறள் தின்றது சொத்தென்று கேட்கும். பிறேக் குழாய்களை நுனியிலிருந்து நுனிவரை பார். ஸ்பிரிங் கொளுக்கிகளைப் பார். முன் சில்லு தரையைத் தொடாதபோது மேலும் கீழும் பிடித்து ஆட்டு. ஆடினால் பந்து மூட்டோ பெயாரிங்கோ தேய்ந்திருக்கிறது. கடைசியாய், எண்ணெய் எங்கே ஒழுகுகிறது என்று பார். ஐந்தும் சரியென்றால், என்னிடம் வா. எத்தனை அங்குலம் என்று இருந்து கதைப்போம். நானும் என் வண்டியைத் திரும்ப ஏற்றத்தான் போகிறேன், ஒரு அங்குலம் மட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அடியில் கிடந்தபோது பக்கத்தில் ஒரு சோடி செருப்பு வந்து நின்றது. அப்பா. எஞ்சினைக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். “இடப்பக்கம் புகைக்குழாய் மூட்டில காத்துப் போகுது, கேக்கேல்லையோ?” என்றார். கை வைத்துப் பார்த்தேன், போகுது.

“உந்த 13ஆம் நம்பர் சாவியை எடு” என்றார்.

அவரின் கை ஊத்தையாகியது. அவர் கவலைப்பட்டதாய்த் தெரியவில்லை.