காரைவிட ரேடியோ முக்கியம்

பிறந்தநாளுக்கு ஆர்சி கார் கேட்கப் போகிறீர்களா? கடைக்காரர் வேகத்தைச் சொல்லுவார், யூடியூப்காரர் பாய்ச்சலைக் காட்டுவார். பெட்டிக்குள் கிடக்கும் ரிமோட்டைப் பற்றி ஒருவரும் கதைக்க மாட்டார்கள். என் கருத்து நேர்மாறானது. இருக்கிற காசில் முதலில் நல்ல ரேடியோ, மிச்சத்தில் கார். கார் உடையும், சலிக்கும், கைமாறும். ரேடியோ அடுத்த காருக்கும் உங்களோடு வரும்.

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் தூரக் கணக்கை நான் பார்ப்பதே இல்லை. நூறு மீட்டருக்கு அப்பால் போன ஒரு சின்னக் கார் நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்றே கண்ணுக்குப் பிடிபடாது. சனல் எண்ணிக்கையும் அப்படித்தான். திருப்ப ஒன்று, ஓட ஒன்று. பாறை ஏறும் கிராலர் வைத்திருப்பவருக்குத்தான் கியர் மாற்ற, விளக்குப் போட என்று இன்னும் இரண்டு மூன்று தேவைப்படும்.

27 மெகாஹெர்ட்ஸ் காலத்தில் இரண்டு பேர் ஒரே கிறிஸ்டலோடு வந்தால் ஒருவர் ஓரமாக உட்கார வேண்டியதுதான். இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ தன் ரிசீவரை அடையாளம் தெரிந்து பிணைத்துக்கொள்வதால் அந்தத் தொல்லை இல்லை. பதிலுக்கு, கம்பனிக்கு ஒரு மொழி. ஃபுட்டாபா ரேடியோ சன்வா ரிசீவரோடு பேசாது. ஆகவே ரேடியோவின் விலையோடு ரிசீவரின் விலையையும் பாருங்கள். மூன்று கார் சேர்ந்தால் மூன்று ரிசீவர் வேண்டும், அதுவும் அம்மா அப்பாவின் காசில். தொடங்குபவர்களுக்கு ஃபிளைஸ்கை, ரேடியோலிங்க் போன்றவை தாராளமாகப் போதும். விலை கூடிய ரேடியோக்கள் மிச்சம் பிடிக்கும் சில மில்லிசெக்கன், பந்தயம் ஓடுபவருக்குத்தான் பெறுமதி.

எதை விட்டுக்கொடுத்தாலும் ஃபெயில்சேஃப்பை விட்டுக்கொடுக்க மாட்டேன். சிக்னல் அறுந்தால் கார் என்ன செய்ய வேண்டும் என்று ரிசீவருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கும் வசதி அது. நான் கணினி அமைப்புகளோடு வேலை செய்பவன். எதைக் கட்டினாலும், தொடர்பு போனால் என்ன ஆகும் என்பதுதான் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி. அந்த வசதி இல்லாத, அல்லது சரியாகப் பதியாத ரிசீவர், கடைசியாகக் கிடைத்த கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். அந்தக் கட்டளை முழு வேகமாக இருந்தால்? பள்ளிக்கூடத்தில் படித்த சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். 2 கிலோ கார், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம். விடை சுமார் 280 ஜூல். அதே காரை 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஏறக்குறைய ஐந்தாம் மாடியிலிருந்து, கீழே போட்டதற்குச் சமம். பூங்காவில் அதன் பாதையில் நிற்பது மூன்று வயதுப் பிள்ளையாக இருக்கலாம்.

வசதி இருக்கிறது என்று பெட்டியில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. சில்லுகள் நிலத்தில் படாதபடி காரை ஒரு கட்டையில் தூக்கி வையுங்கள். ட்ரிகரை மெதுவாக இழுத்துச் சில்லைச் சுழலவிட்டு, இழுத்தபடியே ரேடியோவை அணையுங்கள். உடனே சில்லு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்றைக்குக் கார் வெளியே போகக் கூடாது, தம்பி எவ்வளவு அழுதாலும் சரி. நைட்ரோ எஞ்சின் காரில் இன்னொரு சிக்கல் உண்டு. ரிசீவரின் பற்றரி செத்தால் ஃபெயில்சேஃப்பும் சேர்ந்து செத்துவிடும். அதனால்தான் த்ராட்டிலைத் தானாக மூடும் ஸ்பிரிங் ஒன்றைக் கார்ப்பரேட்டரில் மாட்டுகிறார்கள்.

ரேடியோவோடு சேர்த்து விற்கும் காரைத்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், ரிசீவரும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று கேளுங்கள். மலிவான பல கார்களில் இரண்டும் ஒரே பலகையில் இருக்கும். அப்படியானால் பின்னர் நல்ல ரேடியோ வாங்கினாலும் அந்தப் பலகையையே கழற்றி எறிந்துவிட்டு, இரண்டையும் புதிதாக வாங்க வேண்டியிருக்கும்.