ஒரு பஸ்ஸைக் கூடவா எடுத்து வைக்கத் தோணல?

செங்கோட்டை - புனலூர் மீட்டர் கேஜ் ரயில் 2010 செப்டம்பர்ல நின்னப்போ, எங்கெங்கருந்தோ கேமராவைத் தூக்கிக்கிட்டு ஆளுங்க வந்தாங்க. பதிமூணு கண் பாலம், குகை, ஸ்டேஷன் பேர்ப்பலகைனு ஒண்ணு விடாம படம் எடுத்து வச்சிருக்காங்க. 2018ல அகலப்பாதையில ரயில் திரும்ப வந்தாச்சு. இன்னமும் அந்தப் பழைய படங்களைத் தேடிப் பாக்குறவங்க இருக்காங்க. நல்ல விஷயம்தான். ஆனா அதே மலையில, புளியரை எஸ் வளைவுல ஃபர்ஸ்ட் கியர்ல முக்கி முனகி ஏறுன டீசல் பஸ்ஸுங்களை யாருங்க எடுத்து வச்சா?

ரயில் ரசிகன்னு சொன்னா "அட, அப்படியா"ம்பாங்க. பஸ் ரசிகன்னு சொன்னா, "வேலை வெட்டி எதுவும் பாக்குதியாடே?"னு கேப்பாங்க. (பாக்குறேன் அண்ணாச்சி, சாஃப்ட்வேர்ல.)

இந்தக் கிறுக்கு பிடிச்ச பசங்க தென்காசிப் பக்கமும் இருக்காங்க. பஸ் ஸ்டாண்டுல ஓரமா நின்னு நம்பர், டிப்போ, சேஸிஸ் மாடல், பாடி கட்டுன ஊர்னு குறிச்சுக்கிட்டே இருப்பாங்க. டி.என். 72க்கு அப்புறம் 'என்' வந்தா அரசு பஸ், திருநெல்வேலிப் பதிவு. 74 என்னா நாகர்கோவில் பக்கத்து வண்டி. இப்படி ஆரம்பிச்சா ஒரு டீ முடியிற வரைக்கும் நிறுத்த மாட்டாங்க. கண்டக்டர்தான் பாவம், "தம்பி, எதுக்கு போட்டோ? மேல எதுவும் கம்ப்ளெயிண்டா?"னு பதறுவாரு.

இதெல்லாம் வெட்டி வேலையானு கேட்டீங்கன்னா, ஒரு சின்ன உதாரணம். எங்க ஊர்ப் பெருசுங்க இப்பவும் "கட்டபொம்மன் வந்துட்டா?"னுதான் கேக்கும். கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் 1974ல மதுரை பாண்டியன் கழகத்துலருந்து பிரிஞ்சது. அந்தப் பாண்டியனே, டி.வி.எஸ். ஓட்டிக்கிட்டிருந்த பஸ்ஸுங்களை அரசு எடுத்துக்கிட்டதுல 1972ல பொறந்ததுதான். 1983ல நாகர்கோவிலுக்கு நேசமணி தனியா போச்சு. அப்புறம் விருதுநகர்ல வீரன் சுந்தரலிங்கம் பேர்ல ஒரு கழகம் தொடங்கப்போயி, தென் மாவட்டத்துல சாதிக் கலவரம் வெடிச்சு, 1997ல மாவட்டம், கழகம் எல்லாத்துலருந்தும் தலைவர்கள் பேரையே எடுத்துட்டாங்க. இவ்வளவு அரசியலும் ஒரு தகரத்து மேல பெயிண்டுல எழுதியிருந்தது. அந்தத் தகரம் இப்ப எங்க? நாலு பெருசுகிட்ட "கட்டபொம்மன் என்ன கலரு தாத்தா?"னு கேட்டுப் பாருங்க, அஞ்சு பதில் வரும்.

சத்தமும் அப்படித்தான். எஞ்சின் டிரைவர் பக்கத்துலயே உக்காந்திருக்கும், மேல ரெக்ஸின் மூடி. கூட்ட நேரத்துல அது மேலயே ரெண்டு பேரு. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. பம்பு டீசலை அடிக்கும், எஞ்சின் எரிக்கும், அவ்வளவுதான் கதை. மேடு வந்தா டிரைவர் காதாலதான் கியர் மாத்துவாரு. இன்னைக்கு வர்ற வண்டியில டீசல் எப்ப, எவ்வளவு போகணும்னு ஒரு பெட்டிக்குள்ள இருக்குற புரோகிராம் முடிவு பண்ணுது. (எங்க ஆளுங்க எழுதுனதாத்தான் இருக்கும். அதான் அப்பப்ப ரீஸ்டார்ட் கேக்குது.)

சரி, மேட்டருக்கு வாரேன். 2021ல மத்திய அரசு 'விண்டேஜ்' வண்டிகளுக்குத் தனி விதி போட்டுச்சு. 50 வருஷம் தாண்டியிருக்கணும், பெருசா மாத்தாம வச்சிருக்கணும், நம்பர் பிளேட்டுல 'வி.ஏ.'னு போட்டுக்கலாம். சந்தோஷம். ஆனா அது சொந்த உபயோகத்துல இருக்குற ரெண்டு சக்கர, நாலு சக்கர வண்டிக்கு மட்டும். பஸ்ஸுக்கு அதுல இடமே இல்ல. இன்னொரு பக்கம், 2023 ஏப்ரல் 1லருந்து 15 வருஷம் தாண்டுன அரசு வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது, உடைக்கத்தான் கொடுக்கணும்னு விதி. போக்குவரத்துக் கழக பஸ்ஸும் அதுல சேத்தி. ரெண்டையும் சேர்த்துப் படிங்க. ஜமீன் வீட்டுக் கார் 50 வருஷம் கெடந்தா பாரம்பரியம். ஊரையே சொமந்த பஸ் 15 வருஷத்துல இரும்பு. எங்க பாஷையில சொன்னா, அந்த 'இஃப்' கண்டிஷன் எந்தக் காலத்துலயும் 'ட்ரூ' ஆகாது.

உடனே "பழைய பஸ்ஸை ஓட விடணும்"னு கொடி பிடிக்கிற ஆளு நான் இல்ல. இந்த இடத்துல மத்த ரசிகர்களோட எனக்குச் சண்டையே உண்டு. நான் சின்ன வயசுல போன ஸ்கூல் பஸ் ஒரு காலத்துல ரூட் பஸ். மஞ்ச பெயிண்டு உரிஞ்ச எடத்துல பழைய கம்பெனிப் பேரு எழுத்து ரெண்டு எட்டிப் பாக்கும். இப்ப நெனச்சா அழகாத்தான் இருக்கு. ஆனா 2012 ஜூலையில தாம்பரம் பக்கம், ஸ்கூல் பஸ் தரையில இருந்த ஓட்டை வழியா ரெண்டாங்கிளாஸ் புள்ள ஒண்ணு விழுந்து செத்துப்போச்சு. அதுக்கப்புறம்தான் தமிழ்நாட்டுல பள்ளி வாகனத்துக்குத் தனி விதியே வந்துச்சு. வருஷா வருஷம் ஸ்கூல் தொறக்கிறதுக்கு முன்னாடி மஞ்ச வண்டிங்களை மைதானத்துல வரிசையா நிறுத்தி சோதிக்கிறாங்களே, அது அந்தப் புள்ளையோட விலை. பழைய வண்டி 'இருக்கணும்'ங்கிறது வேற, 'ஓடணும்'ங்கிறது வேற. அதுவும் புள்ளைங்களை ஏத்திக்கிட்டு ஓடவே கூடாது.

மலைக்கு அந்தப் பக்கம் பாருங்க. கேரளாக்காரங்க அவங்க அரசு பஸ்ஸை 'ஆனவண்டி'னு செல்லமா கூப்பிட்டு, அதுக்குனு ரசிகர் கூட்டமே வச்சிருக்காங்க. 2020ல மூணாறு டிப்போவுல பழைய பஸ்ஸுல படுக்கை போட்டு டூரிஸ்டுங்களைத் தங்க வச்சாங்க. சீட்டைப் புடுங்கிட்டுக் கட்டில் போடுறது பாதுகாப்பு ஆகாதுன்னு நான் நினைக்கிறேன். ஆனாலும் இரும்புக் கடைக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிச்சிருக்காங்கல்ல? நம்ம ஊர்ல சீசனுக்கு அத்தனை ஜனம் குத்தாலம் வருது. ஓட வேணாம், டீசல் வேணாம். கண்டிஷன் ஆன ஒரே ஒரு வண்டியை, போர்டு, விசில், டிக்கெட் பை, தோல் சீட்டோட ஒரு ஷெட்டுல நிறுத்த எவ்வளவு செலவாயிரும்?

அது நடக்கிறப்ப நடக்கட்டும். அதுவரைக்கும் ஒரு வேலை இருக்கு. உங்க வீட்டுல, குத்தாலத்துக்கு ஸ்கூல் டூர் வந்தப்போ எடுத்த குரூப் போட்டோ கண்டிப்பா இருக்கும். வாத்தியார் நடுவுல, தலை ஈரத்தோட புள்ளைங்க, பின்னாடி பஸ். பரண்ல கெடந்தா எறக்கி ஸ்கேன் பண்ணி, வருஷம், ஊர் எழுதிப் போடுங்க. கிராப் பண்றப்போ நம்பர் பிளேட்டை மட்டும் வெட்டிராதீங்க சாமி.

டிஸ்கி: ஓடுற பஸ்ஸுல படியில தொங்கிக்கிட்டு வீடியோ எடுக்குறவங்க இந்தப் பதிவுல சொன்ன ரசிகர்கள் கணக்குல வர மாட்டாங்க.